துரைக்குப் பின்னிய ஜடை

எனக்குக் கர்வம் உண்டு. தலை பின்னுவதில் மட்டும். சமையலில் கிடையாது (என் ரசத்தைச் சாப்பிட்டவர்கள் யாரும் அப்படியொரு எண்ணம் வரும்படி நடந்துகொண்டதில்லை). நான் பிறந்த கீழ்பென்னாத்தூரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், பந்தல்காரருக்குச் சொல்லும்போதே எனக்கும் சொல்லிவிடுவார்கள். எலிவால் மாதிரி முடி உள்ள பெண்ணைக்கூட, முழங்கால் வரை தொங்கும் பூ ஜடையோடு மணவறையில் உட்கார வைத்துவிடுவேன். இப்படி எத்தனையோ பெண்களை அலங்கரித்திருக்கிறேன். ஆனால் திருவண்ணாமலையில் என் பெயரைச் சொன்னால் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது ஒரு ஆண் குதிரைதான்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு வாழ்க்கைப்பட்டேன். மாமனார் ஸ்டேஷன் பக்கம் ஜட்கா ஓட்டினார். வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். மாமியார், வீட்டுக்கும் தெருவுக்கும் சேர்த்து அதிகாரி. போய் எட்டே மாதத்தில் நான் அந்த வீட்டில் செய்யாத தப்பு இல்லை. சாம்பாரில் உப்பு ஜாஸ்தி, கோலத்தில் புள்ளி கம்மி. வேர்க்கடலை வறுக்கச் சொன்னால் கரி. ஒவ்வொன்றுக்கும் அத்தை ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்.

"தல பின்றதத் தவிர இன்னா தெரியும் இவளுக்கு?"

அந்த வருஷம் தீபத்துக்குக் கூடும் மாட்டுச் சந்தையில், நன்றாகப் பராமரிக்கிற வண்டிக் குதிரைக்கும் ஒரு பரிசு உண்டு என்று சொன்னார்கள். மாமாவுக்குத் தூக்கம் போய்விட்டது. இருபத்தைந்து வருஷமாக வண்டி ஓட்டியவர், யாரிடமும் ஒரு பரிசும் வாங்கியதில்லை. அவருடைய குதிரையின் பெயர் துரை. செவலை நிறம், கறுத்த பிடரி. அதற்குப் புல் போட்ட பிறகுதான் தான் சாப்பிட உட்காருவார்.

ஒரு நாள் சாப்பாட்டின்போது புலம்பினார். "எவ்ளோ வாரினாலும் பிடரி சிலுப்பிகினு நிக்குதுமா. கழுத்தோட படியற மாரி யாராவது பின்னிவுட்டா நல்லா இருக்கும்."

"நான் பின்றேன் மாமா" என்றேன்.

"குதிரைக்கா?" என்றார் அத்தை.

"அதுக்கும் தலைதானே அத்தை."

"காலும் இருக்குடி."

மாமா சிரித்துக்கொண்டே, "பின்னட்டும், வுடு" என்றார். அந்த வீட்டில் என்னை நம்பிக் கொடுத்த முதல் வேலை அது. இதில் ஜெயித்தால், அத்தை இத்தனை நாள் குறையாகச் சொன்ன வாக்கியத்தை இனிமேல் பெருமையாகச் சொல்லியாக வேண்டும். தோற்றால், எனக்குத் தெரிந்த அந்த ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். அன்று இரவு முழுக்க என் வீட்டுக்காரர் தலையில் பின்னிப் பார்த்துப் பழகலாமா என்றுகூட யோசித்தேன் (அவருக்கு அப்போதே முன்பக்கம் வழுக்கை ஏறிக்கொண்டிருந்தது).

பரிசு கொடுக்கும் நாளன்று விடிந்ததும் ஆரம்பித்தேன். சீயக்காய் போட்டு அலசினேன். துரை நாலு தடவை தும்மியது. நாலு தடவையும் என் முகத்தில். பிறகு தேங்காய் எண்ணெய் தடவி, பெரிய பல் சீப்பால் சிக்கெடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு கையில் முகக்கயிற்றையும் மறு கையில் உயிரையும் பிடித்துக்கொண்டு நின்றார். துரையோ கண்ணை மூடிச் சொக்கிப்போய் நின்றது. எந்தக் கல்யாணப் பெண்ணும் எனக்கு இவ்வளவு அடக்கமாகத் தலையைக் கொடுத்ததில்லை. காதுக்குப் பின்னாலிருந்து முடியைச் சேர்த்துச் சேர்த்து, கழுத்து நீளத்துக்கும் ஆயிரங்கால் பின்னல் போட்டுக்கொண்டே வந்தேன்.

தோள் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது. வண்டிப் பட்டை வருஷக்கணக்கில் உராய்ந்து, அந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு முடியே இல்லை. பளபளவென்று வழுக்கை.

கல்யாணப் பெண்ணுக்கு முடி குறைந்தால் என்ன செய்வோம்? சவுரி வைப்போம். எங்கள் வீட்டிலேயே இரண்டு சவுரி இருந்தது. ஆனால் அது இருப்பது, வைத்திருப்பவரைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

அத்தையின் கொண்டை தெருவில் பிரபலம். தேங்காய் அளவு இருக்கும். "இன்னாக்கா தடவறீங்க?" என்று பெண்கள் கேட்பார்கள். அத்தையும் கரிசலாங்கண்ணி, வெந்தயம், செம்பருத்தி என்று பக்குவம் சொல்லி அனுப்புவார். பாதித் தெரு அந்த எண்ணெயைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கொடியில் காய்ந்த துண்டை நான் எடுத்தபோது, அதற்கு அடியில் அத்தையின் கொண்டையில் பாதி தனியாகக் காய்ந்துகொண்டிருந்தது. துண்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். துணிப்பெட்டியில் பழையது ஒன்று இருப்பதும் பிறகு கண்ணில் பட்டது.

அன்று அத்தை நல்ல சவுரியை வைத்துக்கொண்டு விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போயிருந்தார். மாமா வண்டி அச்சுக்கு மசை போடப் போயிருந்தார். வீட்டுக்காரரைப் பூ வாங்க அனுப்பினேன். நான் உள்ளே போய்த் துணிப்பெட்டியைத் திறந்தேன். பழைய புடவைக்குள் சுருண்டிருந்த பழைய சவுரியை எடுத்தேன். குதிரைக்குச் சவுரி வைக்கலாமா என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. நிறம் ஒத்துப்போகுமா என்றுதான் பார்த்தேன். அச்சாக ஒத்துப்போயிற்று.

வழுக்கைக்கு மேலே சவுரியை ஒற்றை முடிச்சாக முடிந்து, மீதிப் பின்னலையும் முடித்தேன். நுனியில் குஞ்சலம் கட்டினேன். நீளத்துக்கும் மல்லிகை, கனகாம்பரம், நடுநடுவே மருக்கொழுந்து. தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

"மாப்பிள்ளை குதிரை கேட்டா, பொண்ணு குதிரை பண்ணி வெச்சிருக்க" என்றார் வீட்டுக்காரர்.

மாமா வந்து பார்த்தார். ஒரு சுற்று சுற்றிவந்தார். "இங்க முடியே இல்லாம இருந்துச்சேமா?"

"பக்கத்து முடியெல்லாம் இழுத்துச் சேத்துட்டேன் மாமா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆகவே பிறர் சொன்னாலும் தெரியாது.

சந்தை மேட்டில் ஒரே புழுதி. நான் தாராளமாகத் தடவியிருந்த எண்ணெயில் செம்மண்ணும் வைக்கோல் தூசியும் அப்பிக்கொண்டன. இருந்தாலும் கயிறு கட்டிய மைதானத்தில் ஏழு குதிரைகள் வரிசையாக நின்றபோது, ஜனங்கள் பார்த்தது துரையைத்தான். அத்தை எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்து, நானும் வீட்டுக்காரரும் நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிக் கயிற்றோரம் நின்றார். யாரோ ஏதோ கேட்க, அத்தை குரலை உயர்த்திச் சொன்னது என் காதில் விழுந்தது.

"என் மருமவதான் பின்னுனா. வேற யாருக்கு வரும் இப்டி?"

எட்டு மாதத்தில் முதல் தடவை. அந்த நிமிஷம் யாராவது என்னைத் தொட்டிருந்தால் கீழே விழுந்திருப்பேன். அவ்வளவு உயரத்தில் இருந்தேன்.

பரிசு கொடுக்க வந்தவர் ஒரு மாட்டு டாக்டர். பல்லைப் பார்த்தார், குளம்பைத் தட்டினார், எழுதிக்கொண்டார். துரையிடம் வந்ததும் நின்றுவிட்டார். இரண்டு தடவை சுற்றினார். கம்பவுண்டரைக் கூப்பிட்டு, "இதப் பாருய்யா" என்று ஜடையைக் காட்டினார். மாமா வேட்டியைச் சரி செய்துகொண்டார், பரிசு வாங்கக் கை நீட்டும் உத்தேசத்தில்.

துரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றிருந்தது. பாவம், காலையில் அதற்குத் தீனி வைத்தார்களோ இல்லையோ. மருக்கொழுந்து வாசனை மூக்கில் ஏற, மெதுவாகக் கழுத்தை நீட்டியது. பூவோடு சேர்த்து ஜடை நுனியைக் கவ்வியது. துரை மிரண்டு ஒரு பக்கம் துள்ள, வெள்ளைக் குதிரை மறு பக்கம் இழுக்க, சவுரி மொத்தமாகக் கழன்றது. முழ நீளக் கறுப்பு ஜடை, பூவும் குஞ்சலமுமாக, அதன் வாயிலிருந்து தொங்கியது. துரையின் தோளில் வழுக்கை வெயிலில் மின்னியது.

"ஐயோ, தோலோட உரிஞ்சிகினு வந்துடுச்சே!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"டிஞ்சர் எடு! பஞ்சு எடு! ஊசி போடணும், காலைக் கட்டுங்க!" என்று டாக்டர் கூவினார். கம்பவுண்டர் பெட்டியோடு ஓடிவந்தார். அந்த இடம் என்றைக்கும் வழுக்கைதான் என்பது மாமாவுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியே புழுதியில் உட்கார்ந்து தலையில் கை வைத்து, "துரை, என் துரை" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அத்தையின் கொண்டை ரகசியம் தெருவுக்கே தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், வலிக்காத குதிரைக்கு ஊசி, வலித்து அழும் மாமா. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடுகளில் நாள் முழுக்க ஓயாத வாய் அது!

அப்போது அத்தை கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். நேராக வெள்ளைக் குதிரையிடம் போனார். அதன் தாடையில் ஒன்று வைத்தார். ஜடையைப் பிடுங்கி, எச்சிலை உதறி, எல்லோரும் பார்க்க உயர்த்திப் பிடித்தார்.

"இது ஒண்ணும் குதிரைத் தோல் இல்ல. என் சவுரி. துரைக்கு ஒண்ணும் ஆவல. எழுந்துருங்க, ஊரே பாக்குது."

மாமா நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் அப்படியே நின்றது. "உன் சவுரியா? உனக்கேது சவுரி?"

இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய மனிதர் கேட்ட கேள்வி இது.

"வூட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றார் அத்தை.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாடுகள் மிரண்டன. ஆனால் டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. வழுக்கையைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இன்னா பெரியவரே, குறைய மறைச்சு பரிசு வாங்கப் பாத்தீங்களா? தரகனுங்க பண்ற வேலைய நீங்க பண்றீங்களே?"

மாமா தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அழுதபோதுகூட அவர் முகம் அப்படி இல்லை. அதைப் பார்த்ததும் என் நாக்கு பிரிந்தது. எப்படிக் கயிற்றைத் தாண்டினேன் என்று தெரியாது.

"நான்தான் சார் வெச்சேன். அத்தையக் கேக்காம பொட்டியத் தொறந்து எடுத்தேன். மாமா கேட்டப்போ பொய் சொன்னேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"ஏம்மா வெச்ச?"

"கல்யாணப் பொண்ணுக்கு முடி கம்மியா இருந்தா அப்டித்தான் சார் வெப்போம். இதுவரைக்கும் எந்த மாப்பிள்ளை வூட்டுக்காரங்களும் ஏமாத்திட்டேன்னு சொன்னதில்ல."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை மறைக்க, அத்தை கையிலிருந்த ஜடையை வாங்கிப் பார்த்தார். குதிரை மென்றிருந்தது, இரண்டு பக்கமும் இழுத்திருந்தது. பூ போயிருந்ததே தவிர ஒரு புரி பிரியவில்லை. "இது இன்னும் பிரியலையே!" என்றார்.

"பிரியாது சார். மூணு நாள் கல்யாணத்துக்குப் பின்ற பின்னல்" என்றேன். மானம் போய் நின்ற அந்த நேரத்திலும் இதை விறைப்பாகச் சொன்னேன் (கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என் வீட்டுக்காரர் பூமியைப் பார்த்துக்கொண்டார்).

மாமா மேல் தப்பில்லை என்று டாக்டர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆனாலும் விதி விதிதான். துரையை வரிசையிலிருந்து விலக்கினார்கள். பரிசு வெள்ளைக் குதிரைக்குப் போயிற்று. கடைவாயில் என் மல்லிகைப்பூ ஒட்டியிருக்க, அது கழுத்தில் மாலை வாங்கிக்கொண்டது.

வண்டியில் திரும்பினோம். நான் மூலையில் ஒடுங்கி, இன்றோடு நம்மைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தெரு திரும்பியதும் அத்தை வாயைத் திறந்தார்.

"ஏன்டி, எடுக்கிறதுதான் எடுத்த. புதுசக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல? பழசுக்கு அடி கொட்டிப்போயி ஒரு வருஷம் ஆவுது. அதுல முடிச்சு எப்டி நிக்கும்?"

மாமா முன்னால் உட்கார்ந்து குலுங்கினார். மறுபடி அழுகிறாரோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, அத்தை நடு வாசலில் மணை போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மடியில் புதுச் சவுரி. "பின்னுடி. மறைக்க இனிமே இன்னா இருக்குது? பாக்கிறவங்க பாக்கட்டும்."

பார்த்தார்கள். நாலு நாள் கழித்து எதிர்வீட்டு அம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தார். அவருடைய சவுரி. பிறகு மூன்றாவது வீட்டு அம்மா. மாசம் முடிவதற்குள் எங்கள் தெருவில் பாதிக் கொண்டைகள் என் கைக்கு வந்துவிட்டன. கரிசலாங்கண்ணி எண்ணெய் காய்ச்சுவது அதோடு நின்றது. யாராவது என்னைத் தேடி வந்தால், "உள்ள வாங்க, எங்க வூட்டுப் பொண்ணுக்குத் தல பின்றதத் தவிர இன்னா தெரியும்?" என்று அத்தையே மணை எடுத்துப் போடுவார்.

அன்றைக்குப் பிறகு நான் எந்தச் சவுரிக்கும் ஒற்றை முடிச்சுப் போட்டதில்லை. இரட்டை முடிச்சுதான். போன வருஷம் என் மகளின் மகளுக்குக் கல்யாணம். பூ ஜடையை முடித்து, பெண்ணை மணவறைக்கு அனுப்ப எழுப்பினேன். வெளியே போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர், நாற்பது வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்வதை அன்றும் சத்தமாகச் சொன்னார்.

"மண்டபத்தச் சுத்திப் பாத்துட்டேன். குதிரை எதுவும் கட்டல. பொண்ண அனுப்பலாம்."

அறை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜடையின் அடியைப் பிடித்து ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"இருந்தா அவுத்துவுடுங்க. இழுத்துப் பாக்கட்டும்."