ஊமைக் கணினியும் ஊதுகிற சாமியும்

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், காரைக்காலில் பாதிக் கம்ப்யூட்டர்கள் ஊமையாகிவிட்டன.

படம் வந்தது, பாட்டு வரவில்லை. செய்தி வாசிப்பவர் தொட்டி மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். வளைகுடாவிலிருந்து கூப்பிட்ட கணவன்மார்கள் திரையில் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. சில வீடுகளில் இதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நடந்தது இவ்வளவுதான்: கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளுக்கு ஒரு அப்டேட் வந்தது. வந்த கையோடு ஒலியைக் கெடுத்துவிட்டது. ஆனால் இதை இப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? இதில் புகை உண்டா, மணி உண்டா, எலுமிச்சம்பழம் உண்டா?

எல்லாம் உண்டு என்று சொல்ல ஒருவர் வந்து சேர்ந்தார். ஸ்ரீலஸ்ரீ நாதானந்த சுவாமிகள். தலத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு சிறிய கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, வாசலில் தட்டி கட்டினார். 'அப்டேட் இறங்கியது ராகு காலம். உங்கள் யந்திரத்துக்கு மௌன தோஷம். நாத பரிகாரம் செய்யப்படும்.'

கூட்டம் என்றால் கூட்டம்! நாகப்பட்டினத்துக்காரர்கள் எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வருவது வழக்கமாகப் பாட்டிலில் மலிவாகக் கிடைக்கும் ஒரு திரவத்துக்காக. இப்போது லேப்டாப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். வரிசை மண்டபத்தில் தொடங்கி, இரண்டு தெரு வளைந்து, பரோட்டாக் கடை அடுப்பருகே மூச்சு வாங்கியது.

பரிகாரத்தின் முறை இது. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சீடர் முத்தையன், அர்ச்சனைக்குக் கேட்பது போலக் கேட்பார்: "பேரு? நட்சத்திரம்? பாஸ்வேர்டு?"

பக்தர்கள் கணீரென்று சொல்வார்கள். மனைவியிடம் சொல்லாத பாஸ்வேர்டை மண்டபமே கேட்கச் சொன்னவர்கள் உண்டு. சீடர் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு மேடையில் தொங்கும் காவித் திரைக்குப் பின்னால் போவார். அங்கே சாமி. வெளியே பக்தர்கள் காதில் பஞ்சு அடைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். உயிர்த்தெழும் யந்திரத்தின் முதல் ஒலி மனிதச் செவியில் பட்டால் செவிடாகும், பார்த்தால் குருடாகும். உள்ளே சங்கு முழங்கும். சங்கு நின்றதும் லேப்டாப் வெளியே வரும், பாடிக்கொண்டே.

ஒரு நிபந்தனை மட்டும். பரிகாரம் ஆன யந்திரத்தை அணைக்கவே கூடாது. அணைத்தால் தோஷம் திரும்பும்.

நம் ஊரில் மின்சாரம் எவ்வளவு ஒழுங்காக இருக்கும் என்று தெரியுமல்லவா? போயிற்று. திரும்பிற்று. தோஷமும் திரும்பிற்று, பக்தரும் திரும்பினார்.

வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற தெட்சிணாமூர்த்தி, இப்படித் திரும்பியவர்களில் முதன்மையானவர். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் அணையா விளக்காக இரவும் பகலும் எரிந்தது. அதற்குக் குங்குமம் வைத்தார். விசிறி ஓடினால் சூடு தணிந்து சக்தி குறையுமாம். அதனால் அதன்மேல் பட்டுத்துணி போர்த்தினார். அது உள்ளே வெந்தது.

"எனக்கு எத்தனை பரிகாரம் ஆச்சுன்னு கணக்கே இல்லைங்க" என்பார் வரிசையில் நிற்பவர்களிடம், பட்டம் வாங்கியவர் போல.

தட்சிணை உங்கள் இஷ்டம். இஷ்டம் குறைந்தால் ஒலியும் குறையும் என்று மட்டும் முத்தையன் மெல்லச் சொல்லிவைப்பார்.

சாமிக்கு மத வேறுபாடு கிடையாது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். யாரையும் விட்டுவைக்கவில்லை. திருமலைராயன்பட்டினம் உம்மு சல்மாவும் வந்தார். குவைத்திலிருக்கும் கணவரின் குரலைக் கேட்டு வெகுநாளானதுபோல் இருந்தது அவருக்கு. கையில் மகள் பஹீமாவின் லேப்டாப்.

பஹீமா அப்போது வீட்டில் இல்லை. தோழி கல்யாணத்துக்குப் போலகம் போயிருந்தாள். திரும்பி வந்தவள் மேசையைப் பார்த்துத் திகைத்தாள்.

"உம்மா, லேப்டாப் எங்கே?"

"தலத்தெரு சாமிக்கிட்ட இருக்கு. ஒனக்கு ரொம்பக் கெட்ட தோஷமாம் புள்ளே. ஒரு மண்டலம் வைக்கணுமாம்."

"மண்டலமா? இன்னிக்கி மூணு மணிக்கு எனக்கு இன்டர்வியூ உம்மா!"

பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவள் பஹீமா. வாடிக்கையாளர்களுக்குப் பிரெஞ்சில் போனில் பதில் சொல்லும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். பல மாதம் காத்திருந்து வந்த அழைப்பு. அவர்கள் பேசுவதைக் காதால் கேட்டு, வாயால் பதில் சொல்ல வேண்டிய நேர்காணல். கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், போன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் தவறியதுதான்.

தாயும் மகளும் ஆட்டோவில் பறந்தார்கள்.

மண்டபத்தில் சுவரை அடைத்த ஒரு டிவியில் சாமியின் அருளுரை ஓடிக்கொண்டிருந்தது. காவித் திரையை விலக்கிக்கொண்டு சாமி நேரிலும் தோன்றினார். தாடி, உருத்திராட்சம், ஆள்காட்டி விரலில் மட்டும் நல்ல காய்ப்பு.

"குழந்தாய், உன் யந்திரத்தில் இருப்பது பிரம்ம மௌனம். பூச நட்சத்திரக்காரியின் வயிற்றில் பிறந்தவளின் யந்திரம் அப்படித்தான்."

"எல்லாருக்கும் ஒரு ஊதல்ல சரியாவுது. எனக்கு மட்டும் ஏங்க மண்டலம்?"

"உன் தாயார் தந்த மந்திரச் சொல் பலிக்கவில்லை."

"எந்த மந்திரச் சொல்?"

"பாஸ்வேர்டு" என்றார் முத்தையன், பணிவாக.

பஹீமாவின் புருவம் ஏறியது. போலகம் புறப்படுவதற்கு முன்புதான் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாள். உம்மாவுக்குத் தெரிந்தது பழையது. பிரம்ம மௌனத்தின் பிறப்பிடம் புரிந்துவிட்டது.

"பரவாயில்லைங்க. அப்படியே குடுத்துடுங்க, எடுத்துட்டுப் போறேன்."

சாமி கண்களை மூடினார். "பாதிப் பரிகாரத்தில் எடுத்தால் ஊரிலுள்ள யந்திரம் அத்தனையும் மறுபடி ஊமையாகும். பிறகு என்னால் ஆகாது."

அவ்வளவுதான். வரிசை கலைந்து பஹீமாவைச் சூழ்ந்தது.

"எடுக்கக் கூடாதும்மா! எங்க வீட்டுதும் போயிடும்!" என்று தெட்சிணாமூர்த்தி கையை அகல விரித்து மேடையை மறித்தார். "ஒரு மண்டலம் பொறுக்க முடியாதா? என்ன அவசரம்?"

"வேலைங்க சார். மூணு மணிக்கு."

"வேலை எங்க போயிடும்? ஒலி போயிடுச்சுன்னா?"

மணி இரண்டைத் தாண்டியிருந்தது. சண்டை போட்டால் நேரம்தான் போகும். பஹீமா டிவியைப் பார்த்தாள். காவித் திரையைப் பார்த்தாள். முகத்தைப் பூனைக்குட்டி போல ஆக்கிக்கொண்டாள்.

"சரிங்க சாமி. பாஸ்வேர்டை வாயால சொல்ல மாட்டேன், வெக்கமா இருக்கு. நானே போட்டுத் திறந்து தர்றேன். இப்பவே ஊதிடுங்க."

சாமிக்குப் பாதி உயிர் திரும்பியது. லேப்டாப் வந்தது. பஹீமா பாஸ்வேர்டைத் தட்டினாள். தட்டிய விரலை எடுப்பதற்குள் இன்னும் இரண்டு தட்டு. லேப்டாப்பில் என்ன தெரிகிறதோ அதைக் கம்பியில்லாமலே பக்கத்து டிவியில் தெரிய வைக்கும் வசதி ஒன்று உண்டு. வீட்டில் படம் பார்க்க எல்லாரும் பயன்படுத்துவது. சாமியின் டிவிக்குப் பூட்டு இல்லை. அருளுரை மறைந்தது. லேப்டாப்பின் திரை அங்கே பெரிதாக விரிந்தது. பஹீமா மூடியைச் சாய்த்து முத்தையன் கையில் கொடுத்தாள்.

யாரும் கவனிக்கவில்லை. சாமி அதற்குள் காவித் திரைக்குப் பின்னால் போயிருந்தார். முத்தையனும் பின்னோடு போனார். பக்தர்கள் காதில் பஞ்சும் மூடிய கண்களுமாகக் கைகூப்பி நின்றார்கள். சங்கு பூம் என்று எழுந்தது.

பஹீமா தெட்சிணாமூர்த்தியின் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினாள்.

"சார், கண்ணைத் திறந்து டிவியைப் பாருங்க."

"ஐயோ, குருடாயிடும்மா!"

"ஒரு கண்ணை மட்டும் திறங்க சார். போனா ஒண்ணுதான் போவும்."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக அந்த அதிகாரிக்குப் பட்டது. வேண்டாத கண் எது என்று சற்று யோசித்தார். இடது கண்ணைத் திறந்தார். உடனே வலது கண் தானாகத் திறந்துகொண்டது.

டிவியில் ஓர் அம்புக்குறி ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்குப் போனது. ஒரு பட்டியலைத் திறந்தது. பட்டியலில் ஒரு வரியில் போய் நின்றது.

"என்னம்மா இது?"

"உள்ள சாமி மந்திரம் சொல்றார் சார். சங்கு ஊதுறது முத்தையன். மவுஸ் சாமி கையில."

தெட்சிணாமூர்த்தி முன்னால் நின்றவர் காதில் இருந்த பஞ்சை எடுத்தார். அவர் தனக்கு முன்னால் இருந்தவருடையதை எடுத்தார். மண்டபம் முழுக்கப் பஞ்சு பறந்தது. கண்கள் ஒவ்வொன்றாக, அச்சத்தோடு, ஒற்றையாகவே திறந்தன.

"அது ஒலியைக் கவனிக்கிற பகுதி. அப்டேட் வந்தப்ப முடங்கிப்போச்சு, அணைச்சுப் போட்டாலும் எழும்பாது. பாருங்க, ஸ்டார்ட் அமுக்குறார். ஓட ஆரம்பிச்சிட்டுது. பரிகாரம் முடிஞ்சிது!"

"அப்ப சரியாயிடுச்சுல்ல?"

"இருங்க சார், அடுத்ததைப் பாருங்க. 'ஆட்டோமேட்டிக்'னு ஒண்ணு இருக்குல்ல? அதை வச்சுவிட்டா கம்ப்யூட்டரைப் போடுறப்பல்லாம் தானா ஒலி வரும். அதை விட்டுட்டு 'மேனுவல்'னு மாத்துறார் பாருங்க. இனி அணைச்சுப் போட்டா வராது. யாராவது கையால ஓட விடணும்."

தெட்சிணாமூர்த்தியின் முகம் குங்கும நிறமாயிற்று. தன் கணக்கில்லாத பரிகாரங்களை இப்போது அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே சாமி வேலை முடிந்ததென்று சோதனை ஒலியை அமுக்கினார். 'டிங்' என்றது, மண்டபத்தில். லேப்டாப் டிவியோடு சேர்ந்திருந்தால் ஒலியும் டிவிக்குத்தானே போகும்? பக்கத்தில் முத்தையன் காதைக் கிழித்துக்கொண்டிருந்ததால் சாமிக்கு அது எட்டவில்லை. லேப்டாப்பில் காதை வைத்திருப்பார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி அமுக்கினார். டிங். டிங். டிங்டிங்டிங்டிங். வெளியே ஒரு குழந்தை கைதட்டியது.

ஊரை ஏமாற்றிய சங்கு சாமியையும் ஏமாற்றிக்கொண்டிருந்தது.

அம்புக்குறி தடுமாறியது. பிறகு ஒரு முடிவுக்கு வந்தது. டிவியில் தேடல் பெட்டி திறந்தது. சாமியின் திருவிரல் எழுத்தெழுத்தாகத் தட்டியது: 'அப்டேட் பிறகு சவுண்டு வரவில்லை என்ன செய்ய'.

முன்னால் நின்றவர்கள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்கள்.

ஒரு காணொளி ஓடத் தொடங்கியது. ஒலி கேட்கவில்லை என்று சாமி அளவைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். முழுக்கக் கூட்டினார்.

"வணக்கம் மக்களே!" என்று டிவி இடி இடித்தது. "சவுண்டு வரலியா? கவலையே படாதீங்க! இதுக்காக யாருக்கும் ஒரு பைசா குடுக்காதீங்க! வீட்லயே நீங்களே சரி பண்ணிக்கலாம்!"

முத்தையனுக்கு மூச்சு தீர்ந்து சங்கு நின்றது. அந்த அமைதியில் காணொளிக்காரர், சேனலை மறக்காமல் பின்தொடரச் சொன்னார்.

தெட்சிணாமூர்த்தி ஒரே இழுப்பில் காவித் திரையைப் பிடுங்கினார். உள்ளே ஸ்ரீலஸ்ரீ மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மவுசும் கையுமாகச் சம்மணமிட்டிருந்தார். எதிரே ஊர் நின்றது.

சாமி சமாளித்தார். "பக்தர்களே, பயப்படாதீர்கள். இது நான் வரவழைத்த அசரீரி."

"அந்த அசரீரிதானே காசு குடுக்காதீங்கங்குது!" என்றார் தெட்சிணாமூர்த்தி.

"அது... அது தட்சிணையைப் பற்றிச் சொல்லவில்லை..."

"என் பூச நட்சத்திரத்துனாலதான் பிரம்ம மௌனம்னீங்களே?" என்று உம்மு சல்மா முன்னால் வந்தார். "எங்களுக்கு ஏதுங்க நட்சத்திரம்? கேட்டீங்களேன்னு பக்கத்து வீட்டு தையல்நாயகி நட்சத்திரத்தைச் சொன்னேன்!"

மண்டபம் சிரித்த சிரிப்பில் சாமியின் கண்ணாடி தானாகக் கீழே இறங்கியது. அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாஸ்வேர்டுகளை எழுதிவைத்திருக்கிறாயா என்று கேட்டபடி நாலு பேர் அவர் சட்டையில்லாத உடம்பில் பிடிக்க இடம் தேடினார்கள். கிடைத்தது தாடி. தாடி மட்டும் கையோடு வந்தது. மீதி ஆள் காவலர் வரும்வரை முத்தையனோடு கல்யாண மண்டபத்துச் சமையலறையில் பூட்டப்பட்டார்.

"மணி மூணாவப் போவுது!" என்று அலறினாள் பஹீமா.

வீட்டுக்குப் போக நேரமில்லை. டிவியோடு இருந்த தொடர்பை வெட்டினாள். 'மேனுவல்' என்றிருந்ததைப் பழையபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்கினாள். எல்லாரும் பார்க்க அணைத்தாள். கூட்டத்தில் பாதி "ஐயோ அணைக்கிறாளே!" என்றது. மறுபடி போட்டாள். லேப்டாப், எந்தச் சங்கும் இல்லாமல், தன் வரவேற்பு இசையைத் தானே பாடிக்கொண்டு எழுந்தது.

சாமி உட்கார்ந்த பலகையிலேயே உட்கார்ந்தாள். திரையில் ஒரு பெண்மணி தோன்றி "போன்ழூர்" என்றார்.

"பேய் பேசுதுடி" என்றாள் பின்னால் ஒருத்தி.

"ஷ்ஷ்! பிரெஞ்சு!" என்று தெட்சிணாமூர்த்தி அதட்டினார். நேர்காணல் முடியும்வரை வாசலில் நின்று, உள்ளே யாரும் இருமாமல் பார்த்துக்கொண்டார்.

பஹீமாவுக்கு வேலை கிடைத்துவிட்டது. இப்போது திருமலைராயன்பட்டினத்து வீட்டிலிருந்து, கடல் கடந்து பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்கிறாள். அவர்களிலும் பயந்தாங்கொள்ளிகள் உண்டு. எல்லாருக்கும் அவள் சொல்வது ஒன்றுதான்: முதலில் என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள், ஏன் என்று யோசியுங்கள், அப்புறமும் புரியாவிட்டால் கேளுங்கள்.

நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கொடுக்கிறோம், பிறகு கும்பிடுகிறோம், யோசிக்க ஆரம்பிப்பதற்குள் ஆள் ஊரைவிட்டுப் போய்விடுகிறான். நாதானந்தர் ஜாமீனில் வெளியே வந்துவிட்டாராம். புதுத் தாடி, புதுப் பெயர். எந்த ஊரில் மண்டபம் பிடித்திருக்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்பது பிடிப்பதற்கா, வரிசையில் நிற்பதற்கா என்று முதலில் சொல்லுங்கள், ஐயா.