ஐந்தாவது ஏன்

வயல் ஈரமாக இருக்கிறதா இல்லையா என்பதை விவசாயிக்கு எழுத்துமூலம் தெரிவிக்கும் பொருட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அலுவலகம் இருக்கிறது. மண்ணீரப் பதிவு அலுவலகம் என்று பெயர். அங்கே முப்பத்தோர் ஆண்டாகத் தட்டச்சு செய்துவரும் சங்கையா நான்தான். வ. புதுப்பட்டி விவசாயி வயலில் கால் வைத்ததும் தெரிந்துகொள்வதை நாங்கள் ஜீப்பில் போய்ப் பார்த்து, இருபது நாளில் கடிதமாக அனுப்புவோம். அதற்குள் வயல் காய்ந்துபோனால் அது வயலின் தவறு.

அந்த ஜீப்பில்தான் நவம்பர் மூன்றாம் தேதி, பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் நேசையனுக்கு விளக்கு பெரிதில்லை, தேதிதான் பெரிது. முப்பதாம் தேதி அவருக்கு ஓய்வு. வண்டியைக் 'குறைபாடு ஏதுமில்லை' என்ற சான்றோடு ஒப்படைத்தால்தான் விடுவிப்பு ஆணை கிடைக்கும். கோயம்புத்தூரில் மகள் எலினாவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. ஒன்றாம் தேதி வந்து பேரனைக் கையில் வாங்குவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று மாலையே இராஜபாளையத்து மெக்கானிக் முத்துப்பாண்டி பானட்டைத் தூக்கி ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டரைச் சுத்துற பெல்ட்டு தொங்கிப் போச்சு. கால் மணி நேர வேலை."

"போட்டுருவோமா?"

"அனுமதி வாங்கிட்டு வாங்க. போன தடவை உங்க வண்டிக்குக் காத்து அடிச்சதுக்கே என்கிட்ட விளக்கம் கேட்டாவ."

அனுமதி தர வேண்டியவர் உதவி இயக்குநர் வேல்சாமி. அவர் அப்போதுதான் சென்னையில் மூன்று நாள் பயிற்சி முடித்து, ஒரு துணிப்பை, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தத்துவம் ஆகியவற்றோடு திரும்பியிருந்தார். எந்தக் குறையானாலும் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் மூல காரணம் வெளியே வந்துவிடும் என்பது தத்துவம். அதற்கென ஐந்து கட்டம் போட்ட படிவமும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"விளக்கு ஏன் எரியுது, நேசையன்?"

"சார்ஜ் ஏறலை சார்."

"ஏன் ஏறலை?"

"பெல்ட்டு லூசாயிருச்சு சார்."

"ஏன் லூசாச்சு?"

"பழசாயிருச்சு."

"ஏன் பழசாச்சு?"

"வருசம் போனா பழசாகாம என்ன சார் செய்யும்? என்னையவே பழசுன்னுதான வீட்டுக்கு அனுப்புதீக?"

வேல்சாமி படிவத்தை வருத்தத்தோடு பார்த்தார். "மூணுலயே முடிஞ்சு போச்சே. மிச்சம் ரெண்டு கட்டத்துக்கு என்ன செய்யிறது?"

காலிக் கட்டங்களோடு போகும் படிவத்தைத் தலைமையகம் திருப்பிவிடும். மேலும், முத்துப்பாண்டியின் விரலுக்குத் தரச்சான்று கிடையாது. ஆகவே பெல்ட் என்பது ஒரு தனிநபர் கருத்தாக மட்டும் பதிவு செய்யப்பட்டது. வேல்சாமி, இளநிலை உதவியாளர் சத்யப்பிரியா, நான் ஆகிய மூவர் கொண்ட ஆய்வுக் குழு அமைந்தது. ஆய்வு முடியும்வரை யாரும் கை வைக்காதபடி பானட்டை நூலால் கட்டி அரக்கு முத்திரை வைத்தோம். வண்டி ஷெட்டில் நின்றது. நாங்கள் முறை வைத்து உள்ளே உட்கார்ந்து விளக்கைப் பார்த்தோம், படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டோம். நேசையன் தினமும் வந்து காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார்.

இருபத்தாறாம் தேதி சத்யப்பிரியா சொன்னாள்: "சார், ஆயுத பூஜைக்கு நாமதான டேஷ்போர்டுல சந்தனம் வச்சோம்? அது இந்த லைட்டு மேலதான் இருந்துச்சு. உதிர்ந்த பொறவுதான் லைட்டே கண்ணுல பட்டுச்சு."

வேல்சாமி எழுந்து நின்றுவிட்டார். விளக்கு ஏன் தெரிகிறது? சந்தனம் உதிர்ந்துவிட்டது. ஏன் உதிர்ந்தது? காய்ந்தது. ஏன் காய்ந்தது? பன்னீர் விட்டுக் குழைக்கவில்லை. ஏன்? பன்னீர் வாங்க ஒப்புதல் இல்லை. ஏன்? ஒப்புதல் கேட்டு யாரும் எழுதவில்லை!

ஐந்து கட்டமும் நிரம்பின. முதல் கேள்வியில் 'எரிகிறது' என்பது 'தெரிகிறது' ஆகியிருந்ததை நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே தட்டச்சு செய்தேன்.

"சார், சந்தனம் வச்சா லைட்டுதான் மறையும். பெல்ட்டு இறுகாதே" என்றார் நேசையன்.

"உமக்குச் சான்று வேணுமா, பெல்ட்டு வேணுமா?"

நேசையன் காலண்டரைப் பார்த்தார். பேரன் முகம் ஞாபகம் வந்திருக்கும். "சான்று சார்" என்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் குழைத்தது நான்தான். கட்டி தட்டாமல் குழைத்து, சிவப்பு விளக்கின் மேல் அப்பினேன்.

முப்பதாம் தேதி பால்கோவா, பாராட்டுரை, சான்று, ஆணை எல்லாம் வழங்கப்பட்டன. ஓய்வு பெறுகிறவரை மாலையோடு அலுவலக வண்டியில் வீடுவரை கொண்டுபோய் விடுவது எங்கள் வழக்கம். வேறு ஓட்டுநர் இல்லாததால் நேசையனே மாலையோடு உட்கார்ந்து தன்னைத் தானே இராஜபாளையத்து வீட்டுக்கு வழியனுப்பிக்கொண்டு போனார். பக்கத்தில் வேல்சாமி, பின்னால் நான். இருட்டத் தொடங்கியதும் விளக்கைப் போட்டார். மம்சாபுரம் விலக்கு தாண்டுமுன் முகப்பு விளக்கு மங்கியது, ஹாரன் முனகியது, இராஜபாளையம் போகாமலே ஜீப் நின்றது.

"இறங்கி என்னன்னு பாருங்க, நேசையன்."

"பானட்ல சீல் இருக்கு சார். குழு மூணு பேரும் இருந்தாத்தான் உடைக்கணும்னு நீங்கதான எழுதுனீக? சத்யப்பிரியா வீட்டுக்குப் போயிட்டாவ. அதோட நான் இப்ப பொதுமக்கள் சார்."

டவுன் பஸ் வந்தது. கை காட்டி, மாலையோடு ஏறிக்கொண்டார். "வாரேன் சார், வாரேன் சங்கையா!" கண்டக்டர் அவருக்கு சீட் கொடுத்தார். நாங்கள் தள்ளினோம்.

மறுநாள் புதுப் படிவம். ஜீப் ஏன் நின்றது? பேட்டரி தீர்ந்தது. ஏன்? பெல்ட் மாற்றவில்லை. ஏன்? பெல்ட்டைப் பற்றி அறிந்தவர் அலுவலகத்தில் இல்லை. ஏன்? ஓய்வு பெற்றுவிட்டார். ஏன்? அறுபது வயதானால் விட்டுவிடுகிறார்கள்.

வேல்சாமி பரிந்துரை சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: 'அலுவலகத்தின் குறைகளை நன்கறிந்த பணியாளரை, அக்குறைகள் முற்றிலும் தீரும்வரை ஓய்வில் விடலாகாது.' நேசையன் தப்பித்தார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் அனுப்பினேன்.

வழக்கத்துக்கு மாறாகப் பத்தே நாளில் பதில் வந்தது. சீரிய முயற்சி, முன்னோட்டமாகத் தங்கள் அலுவலகத்திலேயே உடனடியாகச் செயல்படுத்தவும் என்று உத்தரவு. அலுவலகத்தின் குறைகளை அதிகம் அறிந்த பணியாளர் யார் என்றும் கேட்டிருந்தார்கள். வேல்சாமி யோசிக்கவே இல்லை, என் பெயரை எழுதினார்.

டிசம்பர் முப்பத்தொன்றில் எனக்கு ஓய்வு. ஆணையை நாலு தடவை படித்துப் பார்த்தேன். 'முற்றிலும் தீரும்வரை' என்றுதான் இருக்கிறது. நான் அடித்ததில் ஒரு பிழைகூட இல்லை.