பேனாக்கத்தியும் கொய்யாவும்

பேனாக்கத்தியால் ஆகாத காரியம் உலகத்திலேயே இல்லை என்று நம்பிய ஒரே மனிதர் ஆம்பூரில் என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்தார். ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் பிரஸ்ஸில் வேலை. ஆதார் அட்டையில் ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் பேனாக்கத்தி.

வெங்காயம் அரிவது, மீசை ஒதுக்குவது, ஃபேன் ஸ்க்ரூ முடுக்குவது எல்லாம் அந்த மடக்குக் கத்தியில்தான். கால் நகமும் அதில்தான் என்று தெரிந்த பிறகு, அவர் கொய்யா நறுக்கினால் அறையே விரதம் இருக்கும்.

"இன்னாணா, காலையில நகம், சாயங்காலம் கொய்யாவா?" என்பான் அறைத்தோழன் ரபீக்.

"நடுவுல லுங்கில தொடச்சேனேடா, பாக்கல?"

அந்த லுங்கியையும் பார்த்திருந்தோம்.

கம்பெனிக்குள் கத்திக்கு அனுமதியில்லை. தினமும் கேட்டில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளியில் விட்டவர்போலத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்.

ஒரு நாள் பிரஸ் அவருடைய இடது கை விரல்களை வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கத்தியைக் கேட்டார். திறக்க முடியவில்லை. மடக்குக் கத்திக்கு இரண்டு கை வேண்டும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றியதில்லை.

நெமிலியிலிருந்து அவர் தம்பி வந்தான். "வீட்டுக்கு வாண்ணா. நான் சோறு போட மாட்டேனா?"

"போடுவ. ஊட்டியும் வுடுவ. அதாண்டா பேஜாரு. ஒரு வாரம் குடு. ஒத்தக் கையில இத்தத் தொறந்து மூடிட்டா இங்கியே இருப்பேன். இல்லன்னா இட்டுனு போ."

பல்லால் இழுத்தார், பல் பாதியானது. முழங்காலில் இடுக்கினார், லுங்கி கிழிந்தது. அதில் எங்களுக்கு வருத்தமில்லை. கடைசியில் கத்தி அலகின் முதுகைக் கதவிடுக்கில் கொடுத்து, கதவைக் காலால் அழுத்தி, பிடியை இழுத்தார். திறந்துகொண்டது. ரபீக் விசிலடித்தான்.

வாரம் முடிந்து தம்பி வந்தபோது திறந்து காட்டினார்.

"சரிண்ணா, மூடு."

கத்தியின் ஸ்பிரிங் கெட்டி. தொடையில் வைத்து அழுத்தினார். ரத்தம்தான் வந்தது. தம்பி அவருடைய பையை எடுத்தான்.

நான் கத்தியை வாங்கி மூடினேன். "தொறக்கறது அவரு வேலை. மூடறது என் வேலை. நீ கெளம்புபா."

அன்று அவர் கொய்யா நறுக்கி நீட்டினார். தின்றேன்.

அன்றாடப் புழக்கத்துக்கு மடக்குக் கத்தி சரிப்படுமா என்று கேட்டால், சரிப்படும், பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால். எட்டாம் வகுப்போடு வீட்டைவிட்டுக் கிளம்பிய நான் எந்த ஊரிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. ஆம்பூரில் மட்டும் அவர் கண்ணை மூடும்வரை இருந்தேன். கத்தியை மூட ஆள் வேண்டுமே.