மேஜர் தறி ஓட்டிய கதை

"ஆரணியிலயே இல்லாத ஒழுக்கத்தோட இந்த நாயை வளத்துக் காட்டறேன் பாரு" என்று மாணிக்கவேல் சபதம் போட்டபோது, நாய் அவருடைய மனைவியின் முறத்தில் மூத்திரம் போய்க்கொண்டிருந்தது.

சபதம் போட்டது வீட்டுக் கூடத்தில். கேட்டது அடுத்த தெரு வரைக்கும். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் அவருக்கு நாலு பவர்லூம். மீசை முளைக்கிற வயதிலிருந்து அந்த இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்தால் தறி நிற்கும், மாணிக்கவேல் நிற்க மாட்டார். போளூரில் இருக்கிற வியாபாரிக்குப் போன் பண்ணிப் பேசுவார். அதற்குப் போன் எதற்கு என்று தெரு கேட்கும். "நம்ம கொரலு அப்பிடி" என்பார். பட்டுப்புடவையின் முந்தானையை விரித்துக் காட்டும்போது வருகிற அதே பெருமை அவர் முகத்தில் வரும்.

நாய்க்குட்டி போளூர்ச் சந்தையில் வாங்கியது. செம்மண் நிறம், நாலு காலிலும் வெள்ளை. இதன் அம்மா ஒரு மாந்தோப்பையே தனியாளாகக் காவல் காத்தது என்று விற்றவன் சொன்னான். வீட்டுக்கு வருவதற்குள் அது மூன்று மாந்தோப்பு ஆகிவிட்டது. 'மேஜர்' என்று பேர் வைத்தார்.

மேஜர் வளர்ந்தது. பால் பல் விழுந்தது. ஒருநாள் காலையில் தலையணை மேல் ஏறி, முன்னங்காலால் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது.

"குட்டி வெளையாடுது" என்றார் மாணிக்கவேல்.

மறுநாள் கரண்ட் கணக்கெடுக்க வந்தவரின் காலோடு விளையாடியது. அதற்கு அடுத்த நாள் எதிர்வீட்டு உதயாவின் கால். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஷெட்டில் வேலை பார்க்கும் சிவகுமார்தான் அந்தச் சமாச்சாரத்துக்குக் கௌரவமாக ஒரு பேர் வைத்தான். ஒருநாள் மதியம் ஷெட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, மேஜர் தறி ஓட்டுது" என்றான். அன்றிலிருந்து தெரு முழுக்க அதுதான் பேச்சு. காய்கறிக்காரர்கூட வாசலில் நின்று, "தறி ஓடுதா, நின்னுச்சா?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

மாணிக்கவேலுக்கு அவமானமாகப் போயிற்று. ஒழுக்கம் கற்பிக்க இறங்கினார். அவருக்குத் தெரிந்த பாடம் ஒன்றுதான்.

"எறங்குடா!"

மேஜர் இன்னும் வேகமாக ஓட்டியது.

"எறங்குடான்றேன், எறங்கு!"

கரண்ட் ஏறின தறி மாதிரி பறந்தது. சத்தம் கேட்டு உதயா வந்தாள். அவள் சிரித்தாள். சிரிப்பைக் கேட்டு மேஜர் அவள் காலுக்கு மாறியது.

இந்த நிலைமையில்தான் மகள் சுபலட்சுமியைப் பெண் பார்க்கக் களம்பூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அருணகிரி ரைஸ் மில் வைத்திருப்பவர். மில்லுக்கும் பவர்லூமுக்கும் சத்தத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. அவரும் வாசலிலேயே முழங்கினார்.

"சம்பந்தி வீடு இதானா?"

"வாங்க, வாங்க, இதான்!" என்று மாணிக்கவேல் பதிலுக்கு முழங்கினார்.

இரண்டு முழக்கத்துக்கும் நடுவே மேஜருக்குத் தலைகால் புரியவில்லை. பாய்ந்து வந்து அருணகிரியின் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டது. ஓட்டியது. அருணகிரி கத்தினார். மாணிக்கவேல் அவரைவிடக் கத்தினார். மேஜருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு திருவிழா அதுவரை வாய்த்ததில்லை. பழத்தட்டு கவிழ்ந்தது. அருணகிரியின் மனைவி ஜெயம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

நல்லவேளை, பெண்ணைப் பிடித்திருந்தது. தை பிறந்ததும் வந்து தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது அருணகிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் படி இறங்கினார்.

அன்று சாயங்காலம் மனைவி அபிதகுசாம்பாள் அவரை உட்கார வைத்துச் சொன்னாள்.

"இத்தப் பாருங்க. தை மாசம் அவங்க வரும்போது இந்த நாய் அந்த மனுஷன் கால்ல ஏறிச்சின்னா, அன்னிக்கே படவேட்டுக்கு எங்கண்ணன் கொல்லைக்குப் போயிடும். அங்க ஆடு மாடோட ஓட்டட்டும் தறி."

"என் மேஜரையா? மாட்டுக் கொட்டாய்லயா?"

"அப்பிடின்னா திருத்துங்க. நீங்கதான சபதம் போட்டீங்க."

மாணிக்கவேல் மேஜரைப் பார்த்தார். அது அவருடைய செருப்பின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணமாகிக் களம்பூர் போய்விடுவாள். இதுவும் படவேடு போய்விட்டால் இந்த வீட்டில் தன் பேச்சைக் கேட்க யார் இருப்பார்கள் என்று நினைத்தார். மேஜரும் கேட்டதில்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"மாட்டு டாக்டரம்மாகிட்ட ஒரு வாட்டி காட்டலாம், வாங்க" என்றாள் அபிதா.

"எந்நாய்க்கு ஒழுக்கம் கத்துக்குடுக்க எவங்கிட்டயும் நான் போவ மாட்டேன்."

"சரி, நான் போறேன்."

மறுநாள் மேஜரை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனாள். திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது.

"இன்னா சொன்னாங்க?"

"இது வியாதி இல்லியாம். கெட்ட புத்தியும் இல்லியாம். சின்னக் குட்டிங்க குஷி ஜாஸ்தியானாலும் இப்பிடித்தான் பண்ணுமாம், பேஜாரானாலும் இப்பிடித்தான் பண்ணுமாம். நாம கத்தினா, நம்மளும் கூட வெளையாடறோம்னு நெனச்சிக்குமாம்."

"அப்ப இன்னாதான் பண்றது?"

"ஏறிச்சின்னா பேசாம திரும்பி நின்னுக்கணும். எறங்கினதும் மெதுவா 'உக்காரு'ன்னு சொல்லணும். உக்காந்தா ஒரு பிஸ்கட்டு. காலையில சாயங்காலம் நடக்க வைக்கணும். கடிக்க ஒரு கயிறு குடுக்கணும்."

"அவ்ளோதானா?"

அபிதா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்குது. வளக்கறவரு நாள் பூரா சத்தம் போடவே கூடாதாம். நாய்கிட்ட மட்டும் இல்ல, யாருகிட்டயும். போன்லகூட. எஜமானன் கொரலு ஏறினா குட்டிக்கும் குஷி ஏறிடுமாம்."

"எங்கொரலா? அது இன்னா பண்ணுது?"

"கேக்கலன்னா ஆபரேஷன்தானான்னு கேட்டேன். அது வயசு வந்தப்புறம் பாத்துக்கலாம்னாங்க."

மாணிக்கவேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையிலிருந்து பேச்சைக் குறைத்தார்.

முதல் நாள் பெரும்பாடாகத்தான் இருந்தது. ஷெட்டில் சிவகுமாரைக் கூப்பிட வாயைத் திறந்தார், மேஜர் காதைத் தூக்கியது, வாயை மூடிக்கொண்டு நடந்தே போய்த் தோளைத் தட்டினார். சிவகுமார் பயந்துபோனான். அண்ணனுக்கு உடம்பு சரியில்லையோ என்று அபிதாவிடம் வந்து ரகசியமாக விசாரித்தான்.

நாலு மணிக்கு அபிதா சுடச்சுட மசால் வடை போட்டுக் கொண்டுவந்தாள்.

"இன்னா விசேஷம்?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த நாளும் வடை. அதற்கடுத்த நாளும். ஒருநாள் கேபிள்காரனோடு சண்டை போட்டுத் தெருவையே கிடுகிடுக்க வைத்தார். அன்று நாலு மணிக்கு வெறும் டீதான் வந்தது.

"வடை?"

"பருப்பு ஊற வைக்க மறந்துட்டேங்க."

மறதி யாருக்கும் வரும் என்று மாணிக்கவேல் பெரிய மனதோடு விட்டுவிட்டார். வியாபாரத்தில் ஒரு நூல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்.

மேஜர் விஷயத்தில் பாடம் பலித்தது. ஏறும், மாணிக்கவேல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். திரும்பின காலோடு ஓட்டுவதில் சுவாரசியம் இல்லாமல் அது இறங்கும். "உக்காரு" என்பார், ஏதோ ரகசியம் சொல்வதுபோல. அது உட்காரும். அபிதா பிஸ்கட்டை நீட்டி, "சமத்து" என்பாள். காலையில் இரண்டு பேரும் கோட்டை மைதானம் வரைக்கும் நடந்துவிட்டு வருவார்கள். கரண்ட் கணக்கெடுப்பவர் அடுத்த முறை வந்தபோது மேஜர் அவர் காலை மோந்து பார்த்துவிட்டு, தன் கயிற்றைக் கடிக்கப் போய்விட்டது. மாணிக்கவேலுக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சத்தம் போடாமல் எப்படி ஊரைக் கூட்டுவது என்றுதான் தெரியவில்லை.

தை பிறந்தது. களம்பூரிலிருந்து வேனில் வந்து இறங்கினார்கள். அருணகிரி இறங்கும்போதே முழங்கினார்.

"சம்பந்தி! நாயைக் கட்டிட்டீங்களா, இல்ல வேன்லயே உக்காரட்டுமா?"

அந்த முழக்கம் போதும். மேஜர் பறந்து வந்தது. பழைய நண்பனைப் பார்த்த மாதிரி அதே காலைக் கட்டிக்கொண்டது. ஒரு ஆட்டு, இரண்டு ஆட்டு. அபிதா தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். சுபலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். படவேட்டு மாட்டுக் கொட்டகை மாணிக்கவேலின் கண்முன்னால் வந்து போனது. கத்த வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது.

அவர் கத்தவில்லை. நிதானமாகப் படி இறங்கினார். உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"சம்பந்தி, பேசாதீங்க" என்றார் மெல்லிய குரலில். "அப்பிடியே செவுத்தப் பாத்துத் திரும்புங்க."

அருணகிரிக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. என்ன ஏது என்று கேட்காமல் திரும்பினார். களம்பூர் மில் முதலாளி, பட்டு வேட்டி சட்டையோடு, வகுப்பில் தண்டனை வாங்கின பையன் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார். மேஜர் நிமிர்ந்து பார்த்தது. இறங்கியது.

"மேஜர், உக்காரு."

உட்கார்ந்தது. முதுகை நிமிர்த்தி, வாலைச் சுருட்டி, ராணுவத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்தது.

"அடேங்கப்பா" என்றார் அருணகிரி. அவர்கூடச் சின்னக் குரலில்தான் சொன்னார். "எங்க மில்லுல மூட்டை தூக்கறவன்கூட எம் பேச்சை இப்பிடிக் கேக்கறதில்ல சம்பந்தி. எப்பிடிப் பண்ணீங்க?"

"ஒழுக்கம்" என்றார் மாணிக்கவேல். "வளக்கறவன் கையில இருக்குது எல்லாம்." அன்றைக்கு ஆரணியில் அவரைவிடப் பெருமையான ஆள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

தட்டு மாற்றினார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. "இனி படவேட்டுப் பேச்சே இல்ல" என்று அபிதா அவர் காதில் சொல்லி, ஒரு வடையைக் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். விருந்தாளிக்குத் தண்ணீர் கேட்கலாம் என்று அவரும் வடையைக் கடித்துக்கொண்டே பின்னால் போனார். மேஜர் அவர் காலடியில் வந்தது. சமையலறை வாசலில், உள்ளே ஜெயம் பேசுவது கேட்டு நின்றார்.

"உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குது சம்பந்தியம்மா. வீடு எவ்ளோ அமைதியா இருக்குது. எங்க வூட்டுல அந்த மனுஷன் உப்பு கேட்டாக்கூட மில்லு ஓடற மாதிரி இருக்குது. டாக்டரம்மா நெஜமாவே நாள் பூரா சத்தம் போடக் கூடாதுன்னாங்களா?"

"நாய் ஏறும்போது ஒரு நிமிஷம் பேசாம இருங்கன்னாங்க" என்றாள் அபிதா. "மிச்சத்த நான் சேத்துகினேன்."

"பிஸ்கட்டு ரொம்ப ஆயிருக்குமே?"

"நாய்க்குத்தான் பிஸ்கட்டு. இவருக்கு வடை."

"எத்தினி நாள்ல திருந்துச்சி?"

"மேஜரா? அது ஒரே வாரம். இவருக்குத்தான் தை வரைக்கும் ஆயிடிச்சி. நீங்களும் ஒண்ணு வாங்குங்க. போளூர்ச் சந்தையில, கத்தறவங்களப் பாத்தா கால்ல ஏறுற குட்டியா பாத்து எடுங்க."

மாணிக்கவேல் வாயைத் திறந்தார். நாலு தறியின் சத்தமும் ஒன்றாகத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கீழே மேஜர் காதைத் தூக்கி, அவர் காலை ஒரு மாதிரியாகப் பார்த்தது. சத்தம் வந்த வழியே திரும்பிப் போயிற்று. கையில் மீதி இருந்த வடையைக் கீழே போட்டுவிடலாமா என்று யோசித்தார். சூடாக இருந்தது. தின்றார். அருணகிரிக்கு எப்படியும் ஒரு வருஷமாவது ஆகும், தன்னளவுக்கு அந்த ஆளுக்குப் பிடிபடாது என்று நினைத்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அபிதா வெளியே வந்து அவரைப் பார்த்தாள்.

"கேட்டுகினுதான் இருந்தீங்களா?"

தலையை ஆட்டினார்.

"கோவமா?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. "இல்ல" என்றார், மெதுவாக.

அபிதா இன்னொரு வடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "சமத்து" என்றாள்.

அதற்கு வாலை ஆட்டியது மேஜர்தான்.