சிறுநீரகத்துக்கு ஏது ஸ்டெப்னி?

முக்கியமான வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பேனாவில் கோடு போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எந்த வரி முக்கியமில்லை என்பது வார்டு அக்காவுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் சிறுநீரகப் பாடம் முழுக்க மஞ்சள் காமாலை கண்டதுபோல் கிடந்தது. பதினோராவது தடவையும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள். தலைக்குள் மஞ்சள் மட்டும்தான் நின்றது.

பதினான்கு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவள் அவள். படுக்கை விரிப்பு மாற்றுவதிலிருந்து, ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பது வரை அவளுக்குத் தெரியாத வேலை கிடையாது. உதவி நர்ஸ் ஆவதற்கு ஒரு பரீட்சைதான் பாக்கி. அதை எழுதுவதற்கான வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. இன்னும் நாற்பதே நாள்.

"மண்டையில ஏறவே மாட்டேங்குது சிஸ்டர்" என்று தலைமை நர்ஸிடம் போய் நின்றாள்.

"திரும்பத் திரும்பப் படிச்சா தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். புத்தகத்தை மூடிட்டு யாருக்காவது சொல்லிக்கொடு. எங்க திக்குதோ, அங்க உனக்கே புரியலைன்னு அர்த்தம்."

"நான் யாருக்கு சிஸ்டர் சொல்லிக்கொடுக்கறது?"

"வீட்ல யார் இருக்கா?"

வீட்டில் இருந்தது கணவர் ஒருத்தர்தான். பஸ் பணிமனையில் மெக்கானிக். இருக்கிற இடம் தெரியாத மனிதர். அன்று சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, சிறுநீரகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தாள்.

"புரிஞ்சுதாங்க?"

"ம்."

அப்பாடா என்றிருந்தது. ஆனால் மறுநாள் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"ஏம்மா, சிறுநீரகம் எதுக்கு ரெண்டு? ஒண்ணு ஸ்டெப்னியா?"

"என்னது?"

"அப்புறம் அது ஃபில்டர்னு சொன்னியே. எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும்?"

"நேத்து புரிஞ்சுதுன்னீங்க?"

"நேத்து புரிஞ்சுது. இன்னைக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

புத்தகத்தில் ஸ்டெப்னி பற்றி ஒரு வரியும் இல்லை. தலைமை நர்ஸைக் கேட்டு, இரண்டுமே எப்போதும் வேலை செய்கின்றன, ஒன்று பழுதானால் மற்றது தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு வந்து சொன்னாள்.

வாயால் சொன்னால் இவருக்கு ஏறாது, படம் போட்டுப் பார்ப்போம் என்று குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க இதயத்தை வரைந்து ஒட்டினாள். அவரும் நிதானமாகப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் ஆறு சந்தேகங்கள் வந்தன.

"இடது கைப்பழக்கம் இருக்கறவனுக்கு இதயம் வலது பக்கம் இருக்குமா?"

"இருக்காதுங்க."

"டயருக்குக் காத்து ஒரே நம்பர்தானே? மனுஷனுக்கு மட்டும் பிரஷர் ஏன் ரெண்டு நம்பர்?"

பதினான்கு வருஷமாக நர்ஸ்கள் அந்த இரண்டு நம்பரையும் எழுதுவதை அவள் பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறாள். ஏன் இரண்டு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அரைமணி பாடம், ஐந்து நிமிஷம் ஓய்வு என்று பிரித்துப் பார்த்தாள். ஓய்விலும் அவர் சந்தேகம் கேட்டார். நடத்திய பாடத்தை மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் திருப்பிச் சொன்னால் மறக்காது என்று தலைமை நர்ஸ் யோசனை சொன்னார். திருப்பிச் சொன்னாள். பழைய சந்தேகங்கள் குட்டி போட்டன. பதினைந்து நாளில் பன்னிரண்டு பாடத்தில் மூன்றுதான் முடிந்திருந்தது.

"கர்ப்பமா இருந்தா ஏன் முதுகு வலிக்குது?" என்றார் ஒரு நாள்.

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

"சும்மா, பொதுவா கேட்டேன்."

பொறுமை இழந்து பத்துக் கேள்விகள் எழுதிக் கொடுத்தாள். பணிமனையில் வைத்து எழுதிக்கொண்டு வருவதாகச் சொன்னார். மறுநாள் கிரீஸ் கறையோடு தாள் வந்தது. பத்துக்கு இரண்டு மார்க். தப்பான எட்டும் எட்டு விதமான தப்பு.

"கையெழுத்து ஏன் இப்படிக் கோணல்மாணலா இருக்கு?"

"பஸ்ஸுக்கு அடியில படுத்துக்கிட்டு எழுதினேன்."

"கல்யாணமாகி பதினாறு வருஷம். நீங்க இவ்வளவு மக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"நீ இதுவரைக்கும் பாடம் நடத்தலையே" என்றார் அவர், கோபமே இல்லாமல்.

இந்த மாணவர் சரிப்படமாட்டார் என்று சமையலறைச் சுவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினாள். சுவர் நல்ல மாணவர். குறுக்கே பேசாது. ஒரே வாரத்தில் மூன்று பாடம் முடிந்தது. தலைமை நர்ஸ் வைத்த மாதிரித் தேர்வில் அந்த மூன்றிலும் கோட்டைவிட்டாள். ஸ்டெப்னிப் பாடத்தில் மட்டும் முழு மார்க்.

அன்று சாயங்காலம் வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்க. சர்க்கரை வியாதி."

அவர் உட்கார்ந்தார். மறுநாள், "இனிப்பையே தொடாதவனுக்கு அது எப்படி வருது?" என்று கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது விதமாகச் சொல்லிப் பார்த்து, பத்தாவதில் தனக்கே பளிச்சென்று விளங்கியபோது சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, 'இன்னைக்கு என்ன கொண்டுவர்றாரோ' என்று மனசு துள்ளிக்கொண்டு காத்திருந்தது.

பரீட்சையின் கடைசிப் பகுதி வாய்மொழித் தேர்வு. படிக்காத நோயாளிக்கு இரத்த அழுத்தத்தை விளக்கச் சொன்னார்கள்.

"டயர்ல காத்து சும்மா இருக்கு, அதனால ஒரே நம்பர் போதும்" என்றாள் வார்டு அக்கா. "இதயம் அமுக்கி அமுக்கி விடுது. அமுக்கும்போது மேல் நம்பர், விடும்போது கீழ் நம்பர்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முடிவு வந்தபோது அவள்தான் முதலிடம்.

மறுநாள் மதிய உணவு நேரத்துக்கு இனிப்புப் பெட்டியோடு பணிமனைக்கே போய்விட்டாள். கணவரோடு வேலை பார்க்கிற எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் கணவருக்கு ஒரு பஸ்ஸின் அடியில் அவசர வேலை வந்துவிட்டது.

"எல்லாம் உங்க மெக்கானிக் புண்ணியம்" என்று அவள் ஒவ்வொருவர் கையிலும் இனிப்பை வைத்தாள். "சரியான களிமண்ணு! இவருக்கு ஒண்ணைப் புரியவைக்கறதுக்குள்ள எனக்குப் பத்து தடவை புரிஞ்சுடும். இப்படி ஒரு மக்கு மாணவர் எல்லாருக்கும் கிடைக்கணும்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டயர் மாற்றும் பெரியவர் இடது கையால் தலையைச் சொறிந்தார்.

"அவரைத் தப்பா சொல்லாதே தங்கச்சி. அவருக்கு முதல் தடவையே எல்லாம் புரிஞ்சிடும். தினமும் இந்நேரத்துக்கு எங்களுக்கு அவர்தான் பாடம் நடத்துவாரு, சந்தேகம் பூரா எங்களோடது."