அரசு முத்திரை பெற்ற மண் பலகை

கடல் ஊருக்குள் வருமுன் அதுபற்றிய செய்தி ஊருக்குள் வந்துவிட வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டில் மேலிடம் எய்திய ஞானமாகும். அதன்பொருட்டு மரக்காணத்தில், உப்பளங்களின் விளிம்பில், ‘கடலோர முன்னறிவிப்பு வாகன அலுவலகம்’ திறக்கப்பட்டது. நாற்காலிகள் வந்தன; தனி அலுவலர் தமிழ்வேந்தன் வந்தார்; பெரியவர்கள் எழுவரைக் கொண்ட ஆலோசனைக் குழுவும் அமைந்தது. அவ்வெழுவருள் நானும் ஒருவன். வாகனம் மட்டும் வரவில்லை.

ஜூன் மாதத்தில் அக்குறையும் நீங்கிற்று. வெளிநாட்டு அன்பர் ஒருவர், தாம் ஓட்டி அலுத்த வேகக் காரைக் கப்பலேற்றி நன்கொடையாக அனுப்பினார். நின்ற இடத்திலிருந்து ஆறே வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் என்று அதன் கையேடு கூறிற்று. அவ்வேகத்தை எக்கியார்குப்பத்துச் சாலையில் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளம் வரை எடுப்பது என்பது பற்றி அது மௌனம் சாதித்தது.

ஓட்டுநராகத் தற்காலிகமாக அமர்த்தப்பட்டவர் சகாயராஜ். கடலுக்குப் படகைப் பறிகொடுத்தவர். முப்பத்தைந்து வயது நிறையப் போகிறவர். அவரது நியமன ஆணை தெளிவானது. சக்கரங்கள் பொருந்துவதாகச் சான்று பெற்ற மேற்படி வாகனத்தில் அமர்ந்து, 2006 பிப்ரவரி 28க்குள் அனுமந்தையிலிருந்து எக்கியார்குப்பம் வரை சென்று காட்டினால் பணி நிரந்தரம். தவறினால் வயது வரம்பு கடந்தவராகக் கருதப்பட்டு விடுவிக்கப்படுவார்.

முதல் நாளே உப்பளக் கரைச் சாலையில் இரண்டு சக்கரங்கள் பிளந்தன. மற்ற இரண்டை உப்புக் காற்று தின்று தீர்த்தது. சேதமுற்ற அரசு உடைமை என்பதால் நான்கும் கிடங்கில் வைத்து அரக்கு முத்திரையிடப்பட்டன. கார் செங்கற்களின்மேல் அமர்ந்தது.

பொம்மையார்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் மார்ட்டின் வரவழைக்கப்பட்டார். அக்காலத்தில் புதுச்சேரிச் சாலையில் ஓடிய கார்களிலெல்லாம் பளபளக்கும் அலாய் வீல் மாட்டுவது நாகரிகமாகியிருந்தது. ஆகவே அத்தகைய நான்கை வாங்கி மாட்டினால் ஆயிற்று என்று அலுவலர் கருதினார்.

“அப்படி இல்ல சார்,” என்றார் மார்ட்டின். “அஞ்சு ஓட்டை இருந்தா மட்டும் பத்தாது. ஓட்டைக்கு ஓட்டை தூரம் சேரணும், நடு ஓட்டை சேரணும், வீல் உள்ள எவ்ளோ போவுதுன்னு பாக்கணும். ஒன்னு தப்பினாலும் வண்டி ஏத்துக்காது.”

பழைய சக்கரத்தை அளக்கலாமே என்றால், அரக்கை உடைக்க மேலிட அனுமதி வேண்டும். மார்ட்டின் காரையே அளந்து ஒரு காகிதத்தில் குறித்துக் கொடுத்தார். தனியார் கையெழுத்தில் உள்ள அளவு அளவாகாது என்றும், கண்ணால் காணத்தக்க ஆதாரம் வேண்டும் என்றும் அலுவலர் குறிப்பெழுதினார்.

கணவர் சகாயராஜின் உத்தியோகம் செங்கல்மேல் நிற்பதைக் காணப் பொறுக்காத மேரிசெல்வி ஒரு வழி கண்டாள். அவள் உப்பளத்தில் பாத்தி மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை செய்பவள். களிமண்ணின் குணம் அறிந்தவள். பாத்தி மண்ணைப் பிசைந்து பலகையாகத் தட்டி, சக்கரம் மாட்டும் இடத்தில் ஓங்கி அழுத்தி எடுத்தாள். ஐந்து போல்ட்டும் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

“இன்னிக்கே அளந்துக்கங்க சார். காஞ்சா மண்ணு சுருங்கிடும்,” என்றாள்.

தமிழ்வேந்தன் அவள் சொன்னதைக் கேட்டார் என்று கூறுவதற்கில்லை. ஈர மண்ணில் அலுவலக முத்திரையை அழுத்திப் பார்த்து, தம் பணிக்காலத்தில் இத்துணைத் தெளிவாக முத்திரை விழுந்ததில்லை என்று மகிழ்ந்துகொண்டிருந்தார். பலகை கோப்புடன் இணைக்கப்பட்டு விழுப்புரம் சென்றது. அங்கே மூன்று மாதம் மேசைக்கு மேசை நகர்ந்தது. ஒவ்வொரு மேசையும் சன்னலோரத்தில் இருந்தது. ஒவ்வொரு சன்னலிலும் வெயில் இருந்தது. ‘அளவு சரி’ என்ற ஒப்புதலுடன் அது திரும்பியபோது, எங்களுக்குச் சற்று இளைத்தாற்போல் தோன்றிற்று. அரசு அலுவல் அலைச்சல் மிக்கது என்பதால் நாங்கள் வியக்கவில்லை.

பலகையின்படியே செய்யப்பட்ட அலாய் வீல்கள் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தன. முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. மார்ட்டின் ஒன்றைத் தூக்கிக் காரில் பொருத்தினார். பொருந்தவில்லை.

“அரை விரல் குறையுது சார். போல்ட் உள்ள போவாது.”

அலுவலர் பலகையைக் கொண்டுவரச் செய்து, சக்கரத்தை அதன்மேல் வைத்தார். ஐந்து குழிகளும் ஐந்து ஓட்டைகளும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன.

“இங்க பொருந்துதா?”

“பொருந்துது சார்.”

“அப்ப வீல்ல தப்பு இல்ல. பலகையில முத்திரை இருக்குது, அதுலயும் தப்பு இல்ல. கார்ல முத்திரை இருக்கா?”

“கார்ல ஏது சார்?”

“அவ்ளோதான்.”

மேரிசெல்வி முன்னால் வந்தாள். “சார், மண்ணு சுருங்கிப்போச்சு. நான் அன்னிக்கே சொன்னேன்.”

“முத்திரையும் சேர்ந்து சுருங்கிப்போச்சுன்னு சொல்றியாம்மா?”

“ஆமாங்க. ரெண்டும் ஒரே மண்ணுல தானே இருக்குது?”

அரசு முத்திரை சுருங்கிவிட்டது என்று அதற்குமுன் எவரும் அங்கு உரைத்ததில்லை. பிப்ரவரி 28க்கு இன்னும் மூன்று வாரங்களே இருந்தன. சகாயராஜ் எங்கள் எழுவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் இரக்கமுள்ளவர்கள். முத்திரை சுருங்காது; ஆகவே மண்ணும் சுருங்கியிராது; ஆகவே வெயிலுக்குப் பழகாத வெளிநாட்டுக் கார்தான் விரிந்திருக்க வேண்டும் என ஒருமனதாகத் தீர்மானித்தோம். சக்கரங்கள் ஆதாரத்துடன் முற்றிலும் பொருந்துகின்றன என்று சான்றளித்து, எழுவரும் ஒப்பமிட்டோம்.

பிப்ரவரி 28 அன்று கார் உப்பு மூட்டை ஏற்றும் டிராக்டரின் பெட்டியில் ஏற்றப்பட்டது. அருகே பலகை, அதன்மேல் சந்தனம் வைத்த சக்கரம். சகாயராஜ் காரில் அமர்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டார். வளைவுகளில் தவறாது விளக்குக் காட்டினார். டிராக்டர் எக்கியார்குப்பத்தை அடைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆணையில் வேகம் குறிப்பிடப்படாமையால் ஆட்சேபம் எழவில்லை. அன்று மாலையே பணி நிரந்தரமாயிற்று.

வீடு திரும்பியதும் மேரிசெல்வி, “இப்பதான் பர்மனென்ட் ஆயிட்டியே, நாளைக்குப் போய் மண்ணு சுருங்குன விசயத்தை எழுதிக் குடு. நாளைக்கே கடல் பொங்குனா எதுல போய்ச் சொல்லுவ?” என்று கேட்டாளாம்.

“பலகை தப்புன்னா சான்று தப்பு. சான்று தப்புன்னா என் வேலை தப்பு,” என்றாராம் சகாயராஜ். “மண்ணு சுருங்காதும்மே.”

எங்கள் அறிக்கையைப் படித்து உள்ளம் உருகிய வெளிநாட்டு அன்பர், அவ்வாண்டு ஜூன் மாதமே அனுமந்தைக்கென்று இரண்டாவது கார் அனுப்பினார். அதன் சக்கரங்கள் இரண்டு நாள் தாங்கின. ஓட்டுநராக அமர்ந்தவன் மேரிசெல்வியின் தம்பி ஜெர்லின். அவனுக்கும் அதே போன்றதோர் ஆணை. பலகை செய்து தரும்படி அலுவலகம் அவளுக்கே ஆளனுப்பிற்று. எழுவரும் சென்று நின்றோம். அவள் மண் பிசைந்தாள், தட்டினாள், அழுத்தி எடுத்தாள், முத்திரை விழுவதற்கு வாகாகப் பலகையை அலுவலரிடம் நீட்டினாள்.

இம்முறை அவள் ஈரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.