கோபித்துக்கொண்ட முட்டி

அன்புத் தம்பிக்கு,

உன் அக்கா ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து எழுதுவது. நீயும் உன் மனைவியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வலது முட்டியைத் தவிர எல்லாம் சுகம். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துப் படி.

போனில் நீ கத்தினாய், நான் அழுதேன், பேசவேண்டியது பேசாமலே போயிற்று. "ஐம்பத்தி மூணு வயசுல உனக்கு என்னக்கா ஓட்டம்? வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு" என்றாய். திட்டினாலும் வா என்று கூப்பிட எனக்கு ஒரு தம்பி இருக்கிறானே என்று அப்புறம் நினைத்துக்கொண்டேன். அதற்கு நன்றி.

நடந்ததைச் சொல்கிறேன். உன் அத்தான் இருந்தவரைக்கும் காலையில் அவர் ஏரியைச் சுற்றி ஓடுவார், நான் தண்ணீர் பாட்டிலோடு பெஞ்சில் இருப்பேன். அவர் போன பிறகும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, வீட்டில் என்ன செய்ய, அதே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன், அவரோடு ஓடியவர்கள் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினார்கள், நாலாம் நாள் அதில் ஒருத்தி, பஸ் ஓட்டுகிறவள், நின்று, "இப்படி உக்காந்து எங்களையும் அழ வைக்காதீங்கக்கா, எழுந்து வாங்க" என்றாள், போனேன். முதலில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம், அப்புறம் அரைச் சுற்று, எட்டு மாதத்தில் மூன்று சுற்று. ஓடும்போது அழ முடியாது தம்பி, இரண்டுக்கும் சேர்த்து என்னிடம் மூச்சு இல்லை. அதுதான் எனக்குப் பிடித்துப்போயிற்று. போன மாதம் ஈரச் சரிவில் இறங்கும்போது கால் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போக, முட்டி நடுவில் மாட்டிக்கொண்டு வீங்கிவிட்டது.

பிசியோ டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்க முட்டி ரொம்பக் கோவமா இருக்கும்மா. காலையில இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் நல்லா ஐஸ் வைங்க, அடங்கிடும்" என்றார். எனக்குத் தெரிந்த ஐஸ் ஒன்றுதான், சலவைக்கடை முதலாளியம்மாவிடம் லீவு கேட்கும் முன்னால் வைப்பது. கோபம் என்று வேறு சொல்லிவிட்டாரா, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "என் தங்கமே, உன்னை மாதிரி முட்டி யாருக்கு வாய்க்கும், அந்த இடது முட்டி உன் கால் தூசிக்கு வருமா?" மூன்றாம் நாள் சரக்குத் தீர்ந்துவிட்டது. ஒரு முட்டியை இருபது நிமிஷம் எதைச் சொல்லிப் புகழ்வது? அன்றாடம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன், கடைக்கு எத்தனை விரிப்பு வந்தது, எதில் கறை போகவில்லை, அப்படியே போய், அவர் ஏரிக்கரையில் விழுந்த அன்றைக்கு மட்டும் நான் சோம்பல்பட்டு வீட்டில் படுத்திருந்தது வரைக்கும் சொல்லிவிட்டேன். உன்னிடம்கூட அதைச் சொன்னதில்லை.

பத்து நாள் கழித்துப் போனால் வீக்கம் அப்படியே இருக்கிறது.

"ஐஸ் வைக்கிறீங்களாம்மா?"

"ரெண்டு வேளையும் தவறாம."

"துணியில சுத்தித்தானே? நேரா வைக்கக் கூடாது."

"சுத்தி வளைக்கவெல்லாம் எனக்கு வராது டாக்டர், நேராவே சொல்லிடுவேன்."

"யார்கிட்ட?"

"முட்டிகிட்டதான்."

அந்த மனுஷர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்தவர்கள் திரையை விலக்கிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பது மாதம் ஆயிற்று தம்பி நான் சிரித்து. பிறகு அவரே ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றி வைத்துக் காட்டினார். "ரெண்டு வாரம் நடை மட்டும், அப்புறம் மெதுவா ஓடலாம். பேசறதையும் நிறுத்திடாதீங்க" என்றார். இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. பஸ் ஓட்டுகிறவள் தினமும் என்னை மாடிப்படி ஏற்றிவிடுகிறாள். முதலாளியம்மா முக்காலி போட்டு, உட்கார்ந்தே மடிக்கும் வேலையைக் கொடுத்திருக்கிறாள். எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனாலும் நீ சொன்னதே சரி என்று முடிவு செய்துவிட்டேன். இன்னொரு தரம் விழுந்தால் தூக்க வீட்டில் ஆள் இல்லை. ஓட்டத்தை விட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டு வா, என் சாமான் மூன்று பைதான். சின்னவள் பக்கத்தில் எனக்கு ஒரு பாய் போட்டுவை. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: தபாலாபீசுக்கு வந்தால் தபால் வண்டி கிளம்பிவிட்டது. "நில்லுங்க, நில்லுங்க" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே போனேன். மூலை திரும்பிய பிறகுதான் நான் ஓடுவதே எனக்குத் தெரிந்தது. வலி இல்லை. டிரைவர் நிறுத்தி, "குடுங்கம்மா" என்று கையை நீட்டினார், கொடுக்க மனசு வரவில்லை. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று என்று கெஞ்சி வண்டி மேலேயே வைத்து எழுதுகிறேன், அவர் ஹாரன் அடிக்கிறார். ஞாயிறு கட்டாயம் வா, ஆனால் பைக்கு இடம் வேண்டாம், நான் எங்கும் வரவில்லை. உன் தொந்திக்குச் சேருகிற அரைக்கால் சட்டை ஒன்று எடுத்து வா. ஐந்தரைக்கு ஏரிக்கரை. இன்னும் ஒரு வாரம் எனக்கு நடைதான், உன்னால் ஈடு கொடுக்க முடியும்.